புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது ஏன்?

பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பாட்டியோடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போயிருக்கிறார். ஆராதனை முழுக்கப் புத்தகத்தைப் பார்த்தே நடந்தது. ஐயர் (போதகர்) ஒரு வரி சொல்ல, சபையார் அடுத்த வரி சொன்னார்கள். மறுவாரமும் அதே பாவ அறிக்கை, அதே பதில்கள். "இதில் இருதயம் எங்கே இருக்கிறது? வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே? கத்தோலிக்கர்களும் யூதர்களும்கூட இப்படித்தான் என்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? யூத ஆராதனைக்கும் நம் ஆராதனைக்கும் என்ன உறவு?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். என் மனைவி கத்தோலிக்கர். முப்பது வருடமாக ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே என்று இரண்டு கோயில்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வயதில் இதே கேள்வி எனக்கும் இருந்தது. அதைத் தேடிப் போனதில்தான் யூதர்களின் ஜெப மரபைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வசனம். மத்தேயு 6:7. "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள், அவர்கள், அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்." அவர் கண்டிப்பது, நிறையப் பேசினால் கடவுள் மசிந்துவிடுவார் என்ற எண்ணத்தை. சொன்னதையே திரும்பச் சொல்வதை அல்ல. இரண்டு வசனம் தள்ளி அவரே ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அதுதான் பரமண்டல ஜெபம். லூக்காவில் இன்னும் நேரடியாக, நீங்கள் ஜெபம்பண்ணும்போது இப்படிச் சொல்லுங்கள் என்றே தொடங்குகிறார். கெத்செமனே தோட்டத்தில் மூன்றாம் தடவையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று அதே மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். சிலுவையில் அவர் வாயிலிருந்து வந்தவற்றில் இரண்டு, சங்கீதப் புத்தகத்தின் வரிகள்: 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, 31-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம். உயிர்போகிற வேதனையில் அவர் புதிதாக வார்த்தை தேடவில்லை. சிறுவயதில் மனப்பாடமானது வந்தது. எனக்கு இந்தக் கேள்வியில் பாதி பாரம் அன்றைக்கே இறங்கிவிட்டது.

அவர் எந்த வீட்டில் அதை மனப்பாடம் செய்திருப்பார்? அங்கேதான் யூத மரபுக்குப் போக வேண்டும்.

யூதர்களின் தினசரி ஜெபத்துக்கு இரண்டு தூண்கள். ஒன்று ஷெமா: "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகமம் 6-ஆம் அதிகாரப் பகுதியும், அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு வேதப் பகுதிகளும். காலையிலும் மாலையிலும் சொல்வது. பிரதான கற்பனை எது என்று கேட்டபோது இயேசு முதலில் எடுத்துச் சொன்னது இந்த ஷெமாவைத்தான். மற்றொன்று அமிதா. அந்தச் சொல்லுக்கு 'நிற்றல்' என்று பொருள். கால்களைச் சேர்த்து வைத்து, எருசலேம் இருக்கும் திசை நோக்கி நின்று சொல்வார்கள். இதற்குப் 'பதினெட்டு' என்றே இன்னொரு பெயர் உண்டு. பதினெட்டு ஆசிமொழிகளாக இருந்தது பிற்பாடு பத்தொன்பது ஆனது. பெயர் மட்டும் மாறவில்லை. முதல் மூன்று துதி, நடுவில் பதின்மூன்று வேண்டுதல், கடைசி மூன்று நன்றியும் சமாதானமும். காலை, பிற்பகல், மாலை என்று மூன்று வேளை. ஓய்வுநாளில் மட்டும் நடுவிலுள்ள வேண்டுதல்கள் பதின்மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த நாளுக்காக ஒரே ஓர் ஆசிமொழியை வைக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் கடவுளிடம் நம் தேவைகளின் பட்டியலை நீட்டாமல் இருக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக யாரும் கற்றுக்கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அந்த அமிதாவின் வாசலில் ஒரு வரி நிற்கிறது. "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும், அப்பொழுது என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும்." 51-ஆம் சங்கீதம், 15-ஆம் வசனம். ஜெபிப்பதற்கே கடவுளின் தயவு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபத்தைத் தொடங்குகிறார்கள். இந்த வரியை நான் முதலில் கண்டது யூதர்களின் ஜெபநூலில் அல்ல, எங்கள் கோயிலில். உங்கள் பாட்டியின் புத்தகத்தில் காலை ஆராதனையை எடுத்துப் பாருங்கள். பாவ அறிக்கை முடிந்து பரமண்டல ஜெபமும் ஆனபின் ஐயர் சொல்வது இதே வரி. கத்தோலிக்கரின் தினசரி ஜெபநூலான திருப்புகழ்மாலையிலும் அன்றைய நாளின் முதல் ஜெபம் இதில்தான் திறக்கிறது. உங்கள் பாட்டியின் புத்தகத்துக்கு மூலமான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) புத்தகத்தில் மட்டும் 'என் உதடுகளை' என்பது 'எங்கள் உதடுகளை' என்று பன்மையாகிவிட்டது. அந்தப் பன்மைக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் அன்னாளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாமுவேலின் முதல் புத்தகம், முதல் அதிகாரம். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் அழுது ஜெபிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஏலி என்ற ஆசாரியன் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறான். தல்மூது என்ற யூதச் சட்ட விளக்கத் தொகுப்பில் ரபீக்கள் (யூத மதபோதகர்கள்) அமிதாவை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பேசும்போது, இந்த அன்னாளைத்தான் இலக்கணமாக வைக்கிறார்கள்: உதடு அசைய வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, இருதயத்தை ஒருமுகப்படுத்த வேண்டும், குடித்தவன் ஜெபிக்கக் கூடாது. யூத மரபின் மிக ஒழுங்கான ஜெபத்துக்கு முன்மாதிரி யார் என்று பாருங்கள். எந்தப் புத்தகமும் கையில் இல்லாமல் நெஞ்சு வெடித்து அழுத ஒரு பெண். எழுதிவைத்த ஜெபத்துக்கும் சொந்த வார்த்தை ஜெபத்துக்கும் நடுவே நாம் கட்டுகிற சுவர் அவர்களுக்கு அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, புத்தகம் பிந்தியே வந்தது. கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி நின்றது. யவ்னே என்ற ஊரில் கூடிய ரபீக்கள் ஆலயம் இல்லாத வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கு தேடினார்கள். அமிதாவின் ஆசிமொழிகள் வரிசைப்பட்டதும் அங்கேதான் என்று தல்மூது சொல்கிறது. ஆலயத்தில் நடந்த ஊழியத்துக்கு எபிரெயத்தில் அவோதா என்று பெயர். ஜெபத்தை அவர்கள் 'இருதயத்தின் அவோதா' என்று அழைத்தார்கள். ஆனால் வரிசையும் கருத்தும்தான் அப்போது நிலைத்தன. வார்த்தைகளை எழுதிவைப்பதையே ஆரம்பகால ரபீக்கள் விரும்பவில்லை. ஆசிமொழிகளை எழுதிவைப்பவர்கள் வேதச்சுருளை எரிப்பவர்களுக்குச் சமம் என்றுகூட ஒரு கூற்று உண்டு. முழு ஜெபநூல் என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது 9-ஆம் நூற்றாண்டில். பாபிலோனியாவில் இருந்த ரப் அம்ராம் காவோன், ஸ்பெயின் நாட்டு யூதர்கள் கேட்டதால் வருடம் முழுமைக்குமான ஜெப ஒழுங்கை எழுதி அனுப்பினார். ஜெபநூலுக்குச் சித்துர் என்று பெயர். ஒழுங்கு என்ற வேர்ச்சொல்லிலிருந்து வருவது.

கிறிஸ்தவர் பக்கமும் கிட்டத்தட்ட இதே பாதைதான். சுமார் கி.பி. 155-இல் ரோமில் ஜஸ்டின் என்பவர், கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிப்போம். நடத்துகிறவர் புத்தி சொல்வார். எழுந்து நின்று ஜெபிப்போம். பிறகு அப்பமும், திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். நடத்துகிறவர் தம்மால் இயன்ற அளவு நன்றி ஜெபம் செய்வார். மக்கள் ஆமென் சொல்வார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகும். இவ்வளவும் அவர் சொல்வது. போன ஞாயிறு நீங்கள் பாட்டியோடு உட்கார்ந்திருந்த அதே வரிசை! ஆனால் "தம்மால் இயன்ற அளவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். வடிவம் நிலையாக இருந்தது, அதற்குள் வார்த்தைகள் நடத்துகிறவருடையவை. அதற்கும் முந்தைய 'டிடாக்கே' என்ற சிறு நூல் இன்னும் சுவாரசியமானது. பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. யூதரின் மூன்று வேளைக் கணக்கு அப்படியே. பந்திக்கு நன்றி ஜெபங்களை வார்த்தை வார்த்தையாகத் தருகிறது. தந்துவிட்டு, தீர்க்கதரிசிகளை மட்டும் அவர்கள் விரும்புகிறபடி நன்றி சொல்ல விடுங்கள் என்று முடிக்கிறது. எழுதிய ஜெபமும் எழுதாத ஜெபமும் முதல் தலைமுறைகளிலேயே ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

பிறகு ஏன் வார்த்தைகளும் கெட்டிப்பட்டன? சபை பெருகியது. எல்லா ஊரிலும் ஜஸ்டின் காலத்தவர்போல் வாக்குவன்மை உள்ளவர்கள் இல்லை. உபதேசச் சண்டைகள் கிளம்பின. ஜெபத்தின் வழியாகத் தவறான போதனை நுழைந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்தது. நாலாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆப்பிரிக்கச் சபைகளின் மன்றங்கள், பிற இடத்திலிருந்து எடுத்த ஜெபங்களை அறிந்த சகோதரர்களிடம் காட்டாமல் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதில் இழப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லாபமும் உண்டு. நடத்துகிறவரின் மனநிலையையும் திறமையையும் நம்பியே சபையின் ஜெபம் இருக்கவேண்டிய கட்டாயம் போனது.

சரி, அந்தப் பன்மைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்: பொது ஆராதனையில் ஜெபிப்பது நானல்ல, நாங்கள். "எங்கள் பிதாவே", "எங்கள் அப்பம்", "எங்கள் கடன்கள்". தமிழில் இதற்கு ஒரு தெளிவு இருக்கிறது; எபிரெயத்திலோ கிரேக்கத்திலோ அது கிடையாது. கடவுளிடம் பேசும்போது 'எங்கள்' என்கிறோம், 'நம்' என்பதில்லை. கேட்கிறவர் அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறார். ஆனால் குருவானவர் சபையைப் பார்த்து "மன்றாடுவோமாக" என்கிறபோது அது 'நாம்'. அவரும் சபையாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆராதனை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே போய்வருகிறது. நம் மொழியில் அது காதுக்கே கேட்கும்.

யூதரின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் இந்தப் பன்மை உச்சத்துக்குப் போகிறது. முந்தின மாலை தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஐந்து ஆராதனைகள். அதில் திரும்பத் திரும்ப ஒரு பாவ அறிக்கை. எபிரெய எழுத்துகளின் வரிசையில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குற்றம்: குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், திருடினோம், அவதூறு பேசினோம் என்று போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். வாழ்க்கையில் திருடாதவரும் 'திருடினோம்' என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் திருடியிருக்கலாம்; அவர் அதைத் தனியாகச் சொல்லி வெட்கப்படாதபடி எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். எங்கள் பாவ அறிக்கையும் 'நாங்கள்' என்று பன்மையில்தான் போகிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் 'நான்' என்று ஒருமையில் வந்தாலும், அங்கே கூடியிருக்கும் சகோதர சகோதரிகளிடமும் சேர்த்தே அறிக்கையிடுகிறார்கள், தங்களுக்காக மன்றாடும்படி அவர்களையே கேட்கிறார்கள்.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் கதீஷ். பெற்றோரை இழந்த யூதர் பதினோரு மாதம் சொல்லும் ஜெபம் இது. பெரும்பகுதி அராமிய மொழியில் இருக்கிறது. இறந்தவரின் பெயர் அதில் இல்லை. மரணம் என்ற சொல் இல்லை. துக்கம் என்ற சொல்கூட இல்லை. கடவுளுடைய மகா நாமம் மகிமைப்படுவதாக, பரிசுத்தப்படுவதாக, அவர் தம் ராஜ்யத்தை விரைவில் நிலைநிறுத்துவாராக என்று போகிறது. (பரமண்டல ஜெபத்தின் முதல் விண்ணப்பங்கள் காதில் விழுகின்றன அல்லவா? "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக, உம்முடைய ராஜ்யம் வருவதாக.") இதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்று பெயர். மரபுவழிச் சபைகளில் பத்து ஆண்கள். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் என்ற பிரிவின் யூதர்கள் 1973 முதல் பெண்களையும் சேர்த்து எண்ண வழிவிட்டார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். அப்பாவை இழந்த மகன் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க நினைக்கிற நாள்களில், அந்த ஜெபத்துக்காகத் தினமும் வெளியே வந்து பத்துப் பேர் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் சொல்கிறான், அவர்கள் "ஆமென், அவருடைய மகா நாமம் என்றென்றைக்கும் போற்றப்படுவதாக" என்று பதில் சொல்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரை அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கடவுள்மேல் கோபமாக இருக்கிற அந்த நேரத்தில் கடவுளைத் துதிக்கும் வார்த்தையை அவனால் சொந்தமாக உண்டாக்க முடியாது. வார்த்தை ஏற்கனவே இருக்கிறது, அவன் அதற்குள் போய் நின்றால் போதும். பன்னிரண்டு இல்லாமல் பதினோரு மாதம் என்பதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். துன்மார்க்கருக்குத்தான் நியாயத்தீர்ப்பு பன்னிரண்டு மாதம் நீளும் என்பது பழைய நம்பிக்கை. என் அப்பா அப்படிப்பட்டவர் அல்ல என்று காட்ட மகன் ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுகிறான். இவ்வளவு மென்மையான ஒரு விதியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

என் அம்மா இறந்தபோது எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. வந்த நண்பர்கள் நல்ல மனதோடு நீண்ட நீண்ட ஜெபங்கள் செய்தார்கள். எதுவும் உள்ளே போகவில்லை. அடக்க ஆராதனையில் ஐயர் புத்தகத்தைத் திறந்து 90-ஆம் சங்கீதத்தை வாசித்தார். "ஆண்டவரே, தேவரீர் தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்." என் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இதையேதான் வாசித்தார்கள் என்று நினைவு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

யூத ஆராதனைக்கும் கிறிஸ்தவ ஆராதனைக்கும் என்ன உறவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் மொழிபெயர்க்காமல் வந்த எபிரெயச் சொற்கள். ஏசாயா 6-ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் பாடும் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" அமிதாவைச் சத்தமாகச் சொல்லும்போது கெதுஷா என்ற துதியாக வருகிறது. குதிகாலை உயர்த்தி எழும்பி எழும்பிச் சொல்வார்கள். அதே வரிதான் நற்கருணை ஜெபத்தின் நடுவிலும் இருக்கிறது. கேரளத்துச் சுரியானிகள் திருப்பலியைக் குர்பானா என்கிறார்களே, அது பலியையும் காணிக்கையையும் குறிக்கும் எபிரெயக் 'கோர்பான்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. கத்தோலிக்கக் குரு அப்பத்தை உயர்த்தி, அனைத்துலகின் கடவுளைப் போற்றி, நிலத்தின் விளைவாகிய இந்த அப்பத்துக்கு நன்றி சொல்லும் ஜெபம், யூதர்கள் சாப்பாட்டுக்கு முன் ரொட்டியைக் கையில் எடுத்துச் சொல்லும் ஆசிமொழியின் சாயலில் அமைக்கப்பட்டது. அது 1970-இல் வந்த திருப்பலி நூலில்தான் சேர்ந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. யூத ஆராதனை வேர், கிறிஸ்தவ ஆராதனை மரம் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. 70-க்குப் பிறகு இரண்டும் பக்கம்பக்கமாக வளர்ந்தவை. இன்றைக்கு யூதர்கள் சொல்லும் சித்துர் இயேசு காலத்தில் அப்படியே இருந்ததில்லை. ஒரே தாய்வீட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு சகோதரிகள் என்பது கொஞ்சம் பொருந்தும். அந்தச் சகோதரிகள் ஒருவரையொருவர் காயப்படுத்தியதும் ஜெபத்திலேயே பதிவாகியிருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் கத்தோலிக்கச் சபை பல நூற்றாண்டுகளாக யூதர்களை 'விசுவாசத் துரோகிகள்' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னார். 1970 நூலில் ஜெபமே புதிதாக எழுதப்பட்டது. அமிதாவிலும் மார்க்கபேதக்காரருக்கு எதிரான ஆசிமொழி ஒன்று உண்டு. கெய்ரோ ஜெப ஆலயத்தின் பழஞ்சுவடி அறையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்த சில படிகளில் அது 'நசரேயர்' என்று கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எழுதிவைத்த ஜெபத்தின் ஆபத்து இது. நல்லதைப் போலவே வெறுப்பையும் அது தலைமுறை தாண்டிச் சுமந்துபோகும். இரு தரப்புக்கும் இது பொருந்தும் என்றாலும், அதிகாரம் கையில் இருந்த தரப்பின் வார்த்தையால் விளைந்த தீங்கு அளவில்லாதது. அதை நம் பக்கத்தில் நின்று நான் துக்கத்தோடு சொல்கிறேன்.

வேத வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, 54 பகுதிகளாகப் பிரித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள். முடித்த அன்றே ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். கத்தோலிக்கருக்கு 1969 முதல் மூன்று வருடச் சுற்று: ஒரு வருடம் மத்தேயு, ஒரு வருடம் மாற்கு, ஒரு வருடம் லூக்கா. என்ன வாசிப்பது என்பதைப் போதகர் தேர்ந்தெடுப்பதில்லை. இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். ஒரு காலத்தில் நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் இரண்டு வருடம் ஏறக்குறைய நாலைந்து பகுதிகளே மாறிமாறி வந்தன. எல்லாம் கொடுப்பதைப் பற்றியும் கீழ்ப்படிவதைப் பற்றியும். ஆமோசும் யாக்கோபு நிருபமும் வாயைத் திறக்கவே விடப்படவில்லை.

மொழி விஷயத்திலும் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கலாம்: புரியாத மொழியில் சொல்வது எப்படி ஜெபமாகும்? பழைய சபைகளுக்கு இந்தக் கவலை இருந்தது. 380-களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண் எழுதிய குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆயர் கிரேக்கத்தில் பேசுவார், பக்கத்தில் ஒரு குரு நின்று சுரியானியில் சொல்வார், லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இருமொழி தெரிந்த சகோதர சகோதரிகள் விளக்குவார்கள் என்கிறார். ஜெப ஆலயங்களிலும் எபிரெய வாசிப்பை வரிக்கு வரி அராமியத்தில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். அமிதாவை எல்லாரும் மெதுவாகச் சொன்னபின் நடத்துகிறவர் சத்தமாகத் திரும்பச் சொல்வதும், மனப்பாடமாகத் தெரியாதவர்கள் ஆமென் சொல்லியாவது சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். மேற்கில் பிற்பாடு லத்தீன் மக்களுக்குப் புரியாமல் போன பிறகும் நீடித்தது ஒரு நீண்ட சோகம். என் மாமியார் சிறுமியாக இருந்தபோது பூசையில் குரு லத்தீனில் ஜெபிக்க, மக்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்களாம். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்ட பிறகுதான் தமிழ் உள்ளே வந்தது. "முதல் தடவை தமிழில் கேட்டபோது, இவ்வளவு நாளும் இதையா சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று இருந்தது" என்று அவர் சொல்வார்.

உங்கள் பாட்டியின் சபைக்கு இன்னொரு கதை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, உங்கள் கேள்விதான் அங்கேயும் மேஜைமேல் இருந்தது. ஆங்கிலிக்கன் மரபில் வந்த திருநெல்வேலிக்காரர்களுக்குப் புத்தகம் இல்லாமல் ஆராதனை கிடையாது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகளுக்குச் சொந்த வார்த்தை ஜெபமே பழக்கம். யார்மேலும் அவர்கள் மனச்சாட்சி ஏற்காத ஆராதனை முறையைத் திணிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார்கள். பிறகு நிதானமாக ஒரு திருவிருந்து ஒழுங்கை உருவாக்கி, 1950-இல் மதுரையில் கூடிய சினாடில் (திருச்சபைப் பேரவையில்) முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். சமாதானத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் அந்த முறை, கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்தது. பின்னால் மேல்நாட்டுச் சபைகளே அந்த ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அடுத்த முறை பாட்டி உங்கள் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்து எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இருதயம் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. யூத மரபில் இதற்கு இரண்டு சொற்கள். நிலையான ஒழுங்கு, கெவா. மனதை ஒருமுகப்படுத்துவது, கவனா. தமிழ்க் காதுக்கு அது 'கவனம்' என்றே விழும். சொல்லில் சம்பந்தம் இல்லை, பொருளில் பக்கத்திலேயே இருக்கிறது. 'தன் ஜெபத்தைக் கெவாவாக ஆக்குகிறவனுடைய ஜெபம் விண்ணப்பமே அல்ல' என்று ரபீ எலியேசர் சொன்னதாக மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. இதைப் பதிவு செய்தவர்கள் யார்? எந்த மணிக்குள் எதைச் சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதித்தவர்களேதான். உங்கள் பயம் அவர்களுக்கும் இருந்தது. வாய் சொல்ல, மனம் வேறெங்கோ போகும். எத்தனையோ ஞாயிறுகள் நான் அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் சொந்த வார்த்தை ஜெபத்திலும் இது நடக்கும். எந்தச் சபையிலும் பத்து வருடம் உட்கார்ந்தால், தன்னிச்சையாக ஜெபிப்பவரின் அடுத்த வாக்கியம் என்னவென்று நமக்கே தெரிந்துவிடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனித வாய் தானாகவே ஒரு தடத்தைப் போட்டுக்கொள்கிறது. தடம் எப்படியும் விழும் என்றால், நல்ல தடமாக இருக்கட்டுமே என்பதுதான் என் எண்ணம்.

உங்கள் சபையை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே கற்ற தைரியமான, வாய்திறந்த ஜெபம் எங்கள் சபைகளில் பலருக்கு வராது, அதை விட்டுவிடாதீர்கள். கூடவே இதையும் செய்து பாருங்கள். ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பிரித்திருக்கிறார்கள், காலைக்குக் கொஞ்சம், மாலைக்குக் கொஞ்சம். ஒன்றாம் தேதி காலை 1 முதல் 5 வரை. முப்பதாம் தேதி மாலை 147 முதல் 150 வரை. பதினைந்தாம் தேதி மாலைக்கு 78-ஆம் சங்கீதம் மட்டும். நீளமானது, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பாட்டியின் பழைய புத்தகத்தில் நாள் எண்கள் அச்சிட்டிருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். சில நாள் உங்கள் மனநிலைக்குச் சற்றும் பொருந்தாத சங்கீதம் வரும். நீங்கள் சந்தோஷமாக இருக்கும்போது 88 வரும். அப்போது அதை அன்றைக்கு அப்படி இருக்கிற வேறொருவருக்காகச் சொல்லுங்கள். ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு என்ன தேதியோ, அந்த இடத்திலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.